நாலாம் நம்பர் வீடு

மாசி கடைசியில் ஒரு வாரம்
மூணாறுக்கு மேலே எங்கள் டிவிஷனில்
காயப்போடுவதற்கென்றே வெயில் வரும்.
கம்பளிகளைத் தேயிலைச் செடிமேல் விரிப்போம்.
சூப்பர்வைசர் பார்த்தால் கத்துவார்.
அவர் வீட்டுக் கம்பளியும்
மூன்றாம் வரிசையில் காய்ந்துகொண்டிருக்கும்.

காய்ந்தபின்தான் கஷ்டம்.
நனைந்த கம்பளி கனம்,
காய்ந்த கம்பளி பருமன்.
பத்துக்குப் பத்து அறை.
கட்டில், டிவி, மாதா படம், கேஸ் சிலிண்டர்,
நான், சவரிமுத்து,
பத்தாவது படிக்கும் பியூலா,
ஏழு கம்பளி.

கம்பெனி கொடுத்தது மூன்று.
கல்யாணத்துக்கு அண்ணன் எடுத்தது, புலி போட்டது.
புலிக்கு இப்போது ஒரு கண்தான்.
மார்க்கெட்டில் பேரம் பேசி ஏமாந்தது இரண்டு.
ஏழாவது,
மண் சரிந்த வருஷம்
பள்ளிக்கூட முகாமில் கையில் திணித்தது.
ஓரத்தில் பச்சை நூலால்
மலையாளத்தில் யாரோ தைத்த பெயர்:
லீலாம்மா.
யாரென்று தெரியாது.
பெயர் உள்ளே போகும்படி மடிப்பேன்.
பூச்சி அரித்தாலும்
அதைக் கடைசியில் அரிக்கட்டும்.

கொச்சியில் வேலை பார்க்கும் மூத்தவன்
போன வருஷம் ஒரு பிளாஸ்டிக் பை வாங்கிவந்தான்.
காற்றை உறிஞ்சினால்
கம்பளி அப்பளமாகுமாம்.
உறிஞ்சும் மிஷினை வாங்கவில்லை.
நான் பைமேல் உட்கார்ந்தேன்.
பியூலா என்மேல் உட்கார்ந்தாள்.
சவரிமுத்து வாய் வைத்து இழுத்து இருமினார்.
அப்பளமேதான்.
கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுப் படுத்தோம்.
நடுராத்திரி கீழே யாரோ
மெதுவாக மூச்சு வாங்கும் சத்தம்.
விடிந்து பார்த்தால்
கட்டிலின் ஒரு கால் தரையில் இல்லை.

அதனால்தான் இந்த வருஷம் நாலாம் நம்பர்.
அந்தோணிராசு குடும்பம்
கணக்கு முடித்துக் கோவில்பட்டிக்குப் போனபின்
சும்மா கிடந்தது. பூட்டு பேருக்குத்தான்.
ஆறு வீட்டுக் கம்பளியும் அங்கே ஏறியது.
வீட்டுக்கொரு அடுக்கு,
அந்துருண்டை பொதுச்செலவு,
மொத்தம் நாற்பத்தொன்று.
அன்று ராத்திரி படுத்துக்கொண்டு கையை நீட்டினேன்.
எதிலும் இடிக்கவில்லை.
பியூலா தரையில் அட்லஸை
இரண்டு பக்கமும் திறந்துவைத்துப் படித்தாள்.

சித்திரை பிறந்த நாலாம் நாள்
நடுச்சாமத்தில் ஜீப் சத்தம்.
காலையில் சொன்னார்கள்,
ஜார்க்கண்டிலிருந்து புது ஆட்கள்,
புருஷன் பெண்டாட்டி இரண்டு பிள்ளைகள்,
ஆபீஸில் நாலாம் நம்பர் எழுதிவிட்டார்கள் என்று.

ஆறு வீட்டுப் பெண்களும் ஓடினோம்.
கதவு திறந்துதான் இருந்தது.
சுவரோரம் நாற்பது கம்பளி
வைத்தது வைத்தபடி.
எதிர்ப்பக்கம் வெறும் சிமெண்டில்
ஒரே சேலைக்கடியில் மூன்று பேர்
முழங்காலை நெஞ்சில் மடக்கிக்கொண்டு.
சின்னதுமேல் மட்டும்
எங்கள் அடுக்கின் மேலே இருந்த ஒன்று.

அவள் விழித்தாள். எங்களைப் பார்த்தாள்.
பிள்ளைமேலிருந்து வெடுக்கென்று உருவி
மளமளவென்று மடித்து நீட்டினாள்.
அவள் மடிப்பில்
பெயர் வெளியே வந்திருந்தது.
என் பின்னால் நின்ற பியூலா
இருக்கிற எழுத்தையெல்லாம் வாசிக்கிற பிள்ளை,
உரக்க வாசித்தாள்.
அந்தப் பெண் என்னைப் பார்த்து
திருப்பிச் சொன்னாள்: லீலாம்மா?

வெச்சுக்கோ என்றேன்.
புரியவில்லை.
வாங்கி, பிள்ளைமேல் போட்டுவிட்டு வந்தேன்.

ஆறு கம்பளி வீடு திரும்பியது.
ஒன்று குறைந்தும் இடம் பத்தவில்லை.
சிலிண்டர்மேல் இரண்டு,
டிவிக்குப் பின்னால் புலி,
அட்லஸ் மறுபடி பாதியாக மூடிக்கொண்டது.

இப்போது கொழுந்து நிறுக்கும் இடத்தில்
வரிசையின் அந்தக் கோடியிலிருந்து
லீலாம்மா, லீலாம்மா என்று கூப்பிடுகிறாள்.
மற்றவர்கள் சிரிக்கிறார்கள்.
நான் திரும்பிப் பார்க்கிறேன்.
என் பேர் தங்கபுஷ்பம் என்று
சொல்லிவிடலாம்தான்.
சொன்னால் அந்தக் கம்பளியின் கதை முழுவதையும்
சொல்ல வேண்டும்.
அவ்வளவு இந்தி எனக்கு வராது.